தருமி காட்சியைத் தோட்டத்துக் கதையாக மாற்றினால் எடுபடுமா?
மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்க் கோயில் திருவிழாவில் 'திருவிளையாடல்' தருமி காட்சியை ரப்பர் தோட்டத்துக் கதையாக நடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நடிக்கலாம். 1965-இல் வந்த படம், ஆனாலும் நாகேஷ் கேட்க சிவாஜி பதில் சொல்லும் அந்தத் தாளம் தாத்தா முதல் பேரன் வரை எல்லார் காதிலும் இருக்கிறது, அதனால் தாளத்தைத் தொடாதீர்கள், ஆட்களை மட்டும் மாற்றுங்கள். தருமி பால்மரம் வெட்டுபவர் (ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பவர்), ஆயிரம் பொன்னுக்குப் பதில் போனஸ், நக்கீரர் இடத்தில் பாலை எடை பார்க்கும் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர். அவர் "பாலில் குற்றம் இருக்கிறது" என்றாலே சபை அதிரும்.

அப்புறம், தருமியின் வறுமையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கைக்கு வந்த பரிசு போய்விடுமோ என்ற தவிப்புதான் அந்தக் காட்சிக்கு உயிர், அது இல்லாமல் வெறும் குரலை மட்டும் மிமிக்ரி செய்தால் இரண்டே நிமிடத்தில் கூட்டம் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடும்.