மருமகன் கொண்டுவந்த குப்பி

கேள்வி: எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. கோயம்புத்தூரில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் தங்கை மகன், ‘மாட்ஸ்-சி’ என்று ஒரு குப்பியை நீட்டி, “மாமா, இந்த ஊசி போட்டால் நடக்கவே வேண்டாம்” என்கிறான். போடலாமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: வேண்டாம். பையன் பொய் சொல்லவில்லை, பாதிக் கதையைச் சொல்கிறான். செல்லுக்குள் இருந்து சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக 37 மரபணுக்கள் உண்டு. அவை தாயிடமிருந்து வருபவை. (தாய்வழி வாரிசுமுறையான மருமக்கத்தாயம் கண்ட பாலக்காட்டில் இதை விளக்க வேண்டுமா என்ன?) அந்த மரபணுக்களில் ஒன்றுக்குள் ஒளிந்திருந்த ஒரு குட்டிப் புரதம்தான் இந்த மாட்ஸ்-சி. புரதத்தின் கட்டுமானத் துண்டான அமினோ அமிலம் இதில் வெறும் 16. இதைத் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் 2015-ல் அறிவித்தார்கள். கொழுப்புத் தீனி தின்ற எலிகளுக்கு அதை ஊசியாகப் போட்டபோது அவை பருக்கவில்லை. இன்சுலினும் நன்றாக வேலை செய்தது. எலிகளுக்கு, கவனியுங்கள்! மனிதர்களுக்கான மருந்தாக அமெரிக்காவிலேயே ஒப்புதல் இல்லை. விளையாட்டு வீரர்களுக்கோ தடை. இப்படி விற்கும் குப்பிகளில் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

வேடிக்கை இதுதான்: இளைஞர்களைச் சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்த 2021 ஆய்வில், அவர்கள் தசையில் இதே புரதம் தானாகவே சுமார் 12 மடங்கு ஏறியிருந்தது. மருமகனிடம் குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவன் சைக்கிளைக் கேட்டு வாங்குங்கள்.