டாட்சன் 240இசட்டா, புது நிசான் இசட்டா? கேள்வி பதில்

கேள்வி: இரண்டும் நிசானின் ஒரே ஸ்போர்ட்ஸ் கார் குடும்பம்தானே, ஓட்டும்போது அவ்வளவு வித்தியாசம் தெரியுமா?

பதில்: தெரியும், எடையே சொல்லிவிடும். 1970 மாடலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 240இசட் ஏறத்தாழ 1,050 கிலோ, புதியது கிட்டத்தட்ட 1,600. பழையதில் 2.4 லிட்டர் ஆறு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், 151 குதிரைத்திறன். அதுவும் எஞ்சினை மட்டும் தனியாக வைத்து அளந்த அந்தக் காலத்துக் கணக்கு, சக்கரத்துக்கு வந்து சேர்வது இன்னும் குறைவு. புதியதில் 3 லிட்டர் இரட்டை டர்போ வி6, 400 குதிரைத்திறன். நேர் சாலையில் போட்டியே கிடையாது. ஆனால் பழையதில் பவர் ஸ்டீயரிங் இல்லாததால் 70 கி.மீ. வேகத்தில் ஒரு வளைவில் திருப்பினாலே முன்சக்கரம் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். புதியதில் அந்தச் சுகம் கிடைக்கிற வேகத்துக்குப் போனால் லைசென்ஸ் மிஞ்சாது.

கேள்வி: பழையதில் தினமும் ஆபீஸ் போய் வரலாமா?

பதில்: எஞ்சின் தாங்கும். 1971, 1973 இரண்டு வருடமும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை ஜெயித்த வண்டி. ஆனால் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, பின்னால் டிரம் பிரேக். போனைப் பார்த்தபடி ஓட்டுகிறவர்களுக்கு நடுவே, மழையில், நானாக இருந்தால் எடுக்க மாட்டேன்.

கேள்வி: ஒரு 73 மாடல் பார்த்திருக்கிறேன். பெயின்ட் பளபள, எஞ்சின் சத்தமும் அருமை. முடித்துவிடலாமா?

பதில்: பொறுங்கள். பெயின்டை நம்பாதீர்கள், இந்த வண்டிக்கு எமன் துருதான். பேட்டரி தட்டின் அடி, தரைத்தகடு, அடியில் நீளமாக ஓடும் சட்டங்கள், பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள மூலை, பின்கதவின் கீழ் விளிம்பு எல்லாவற்றையும் குனிந்து பாருங்கள். ஒரு காந்தம் கொண்டு போங்கள், ஒட்டாத இடத்தில் பட்டி வைத்துப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்துக்கொள்ளலாம், டிங்கரிங்தான் பணத்தைத் தின்னும். அப்புறம், 73-இல் புகைக் கட்டுப்பாட்டுக்காக மாற்றிப் போட்ட தட்டைத்தலை கார்புரேட்டர் சூடானால் மக்கர் செய்யும். யாராவது அதைக் கழற்றிவிட்டு முந்தைய வட்டத்தலை கார்புரேட்டரை மாட்டியிருந்தால் சந்தோஷப்படுங்கள், அதைக் காட்டி விலையைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

கேள்வி: அன்றைக்கு மலிவான வண்டி, இன்றைக்கு ஏன் இந்த விலை?

பதில்: 1970-இல் 3,526 டாலர். புதிய இசட் வந்தபோது ஆரம்ப விலை சுமார் 40,000 டாலர், நல்ல 240இசட் அதையும் தாண்டிப் போகிறது. துருப்பிடித்து அழிந்தது போக மிச்சம் இருப்பது கொஞ்சம்தான், அதனால் இந்த விலை. முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள்.

கேள்வி: புதியதில் ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா?

பதில்: ஆறு கியர் மேனுவல். ஒன்பது கியர் ஆட்டோமேட்டிக் வேகம்தான், இருந்தாலும் மேனுவல்.

கேள்வி: ஒன்றுதான் வாங்க முடியும். வீட்டில் ஷெட் கிடையாது, வண்டி தெருவில்தான் நிற்கும்.

பதில்: அப்படியென்றால் புதியது, யோசிக்கவே வேண்டாம். ஷெட் கட்டிய பிறகு வாருங்கள், பழையதைப் பற்றிப் பேசலாம்.