பல் நாற்காலியில் நோயாளி மயங்கினால்: மாணவர்களை எப்படிப் பழக்குவது?

கேள்வி: தனியார் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் வாய் அறுவைத் துறை ஆசிரியர் நான். மருத்துவ அவசரநிலைகள் பற்றி இறுதியாண்டு மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறோம், தேர்விலும் நன்றாக எழுதுகிறார்கள். ஆனால் லோக்கல் (மரத்துப்போக வைக்கும் ஊசி) போட்டதும் நோயாளி மயங்கினால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். சிமுலேஷன் லேப் (பொம்மைகளை வைத்து ஒத்திகை பார்க்கும் கூடம்) இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: லேப் தேவையில்லை. அவர்கள் தினமும் நிற்கும் அதே கிளினிக், அதே நாற்காலி, அதே மருந்து அலமாரி போதும்.

வகுப்பில் நோய்வாரியாகச் சொல்லித் தருகிறோம். நோயாளியோ வியர்த்து, கண் செருகித்தான் கிடப்பார். என்ன நோய் என்று மாணவர் யோசிக்கும்போதே நிமிடம் போய்விடுகிறது. ஆகவே நோயின் பெயர் தெரியாமலே செய்யக்கூடியதை முதலில் பழக்குங்கள்: வேலையை நிறுத்து, பஞ்சு, ரப்பர் டேம், கிளாம்ப் எல்லாவற்றையும் வாயிலிருந்து எடு, ட்ரேயை ஒதுக்கு, நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்து, மூச்சும் நாடியும் பார், ஆக்சிஜன் வை, விரலில் குத்திச் சர்க்கரை பார். மூச்சுத் திணறுபவரை மட்டும் படுக்க வைக்கக் கூடாது, உட்கார வைக்க வேண்டும். நிறைமாத கர்ப்பிணியை இடப்பக்கம் சரிக்க வேண்டும்.

சாதாரண மயக்கத்தில் நாடி மெதுவாக ஓடும். படுக்க வைத்தால் ஓரிரு நிமிடத்தில் தெளியும். தெளியாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். பல் பிடுங்கப் போகிறோம் என்று சாப்பிடாமல், இன்சுலினை மட்டும் போட்டுக்கொண்டு வருபவர்கள் நம் ஊரில் ஏராளம். சர்க்கரை 70-க்குக் கீழே, நினைவும் இருக்கிறது என்றால் 15 முதல் 20 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. நரம்பு வழியாகத்தான்.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது அனபிலாக்சிஸுக்கு, அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமைக்கு. பெரியவர்களுக்கு அட்ரினலின் 1:1000 கரைசல் அரை மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். இது எல்லோருக்கும் மனப்பாடம். ஆம்பூலை (மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பியை) கையில் கொடுத்துப் பாருங்கள்: உடைக்கத் தயங்குவார்கள், முழு 1 மி.லி.யையும் இழுப்பார்கள், பழக்கதோஷத்தில் மெல்லிய டென்டல் ஊசியை எடுப்பார்கள். தசைக்கு 23 கேஜ், ஓர் அங்குல ஊசி வேண்டும். அதே ஆம்பூலை அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். இன்னொரு தவறு, ஏவில் என்ற ஒவ்வாமை மருந்தையும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டையும் முதலில் போட்டுவிட்டுக் காத்திருப்பது. அவை உயிர் காக்கும் மருந்துகள் அல்ல. முதல் ஊசி அட்ரினலின். முன்னேற்றம் இல்லையென்றால் 5 நிமிடத்தில் இன்னொன்று. காலாவதியான ஆம்பூல்களில் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று ஒட்டி, அவசர ட்ரே பக்கமே வராமல் தனியே வைத்து, ஜீன்ஸ் துணி சுற்றிய ஸ்பாஞ்சில் குத்தப் பழக்குங்கள்.

லோக்கலில் உள்ள அட்ரினலினால் படபடப்பு வந்ததையெல்லாம் கேஸ் ஷீட்டில் ‘லோக்கல் அலர்ஜி’ என்று எழுதும் வழக்கத்தையும் இதோடு சேர்த்து ஒழித்துவிடலாம்.

வலிப்பில் பற்களுக்கிடையே எதையும் திணிக்கக் கூடாது. வாயிலேயே வேலை பார்த்துப் பழகிய கை வாயைத் திறந்து வைக்கும் மவுத் ப்ராப்பைத்தான் தேடும், கவனியுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் வலிப்பை நிறுத்தும் மருந்தான மிடசோலம்.

மார்பு அழுத்தத்தைத் தரையில் மட்டும் பழக்கினால் போதாது. மானிகினை (பயிற்சிப் பொம்மையை) நாற்காலியில் கிடத்துங்கள். நாற்காலியை முழுதாகத் தாழ்த்தி, முதுகுப் பகுதியின் அடியில் ஸ்டூலை முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லையேல் நாற்காலி ஆடும். 5 முதல் 6 செ.மீ. அழுந்தியதாகக் கைக்குத் தோன்றும், நெஞ்சு அவ்வளவு அழுந்தியிருக்காது. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120.

ஒத்திகையை ஓ.பி. முடியும் நேரத்தில், முன்னறிவிப்பில்லாமல் பத்தே நிமிடம் நடத்துங்கள். காத்திருக்கும் நோயாளிகளிடம் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். நோயாளியாக ஹவுஸ் சர்ஜன் ஒருவர் உட்காரட்டும். ஒருவர் நோயாளியை விட்டு நகரக் கூடாது, அடுத்தவர் ட்ரேயும் சிலிண்டரும் கொண்டுவருவார், மூன்றாமவர் 108-ஐ அழைத்துவிட்டு வாசலில் நிற்பார், நான்காமவர் நேரம் குறிப்பார். “யாராவது ஆக்சிஜன் கொண்டு வாங்க” என்றால் யாரும் அசைய மாட்டார்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்; அழைக்கப்பட்டவரும் “கொண்டு வர்றேன்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடிந்ததும் திட்டாமல், எந்த நிமிடத்தில் எது நடந்தது என்று குறிப்பை வாசியுங்கள். சில மாதங்களில் கை மறந்துவிடும், ஆண்டுக்கு ஒருமுறை என்பது பற்றாது.

சிலிண்டரை மாணவரே திறக்கட்டும். முழுதாக நிரம்பிய பி டைப் ஆக்சிஜன் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர் இருக்கும், நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் நூறு நிமிடம் வரும். ஆனால் பல இடங்களில் சிலிண்டரைத் திறக்கும் சாவி அலுவலக மேஜையில் கிடக்கிறது. அதைச் சங்கிலி போட்டு சிலிண்டரிலேயே கட்டச் சொல்லுங்கள்.