எழுத்துருவை மாற்றினால் கதை நகருமா?

கேள்வி: பினாங்கு ஜார்ஜ் டவுனில் வேலை. ராத்திரியில் சிறுகதை எழுத உட்காருவேன். கணினியைத் திறந்ததும் எழுத்துரு பிடிக்காமல் மாற்றிக்கொண்டே இருக்கிறேன், கதை முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. ஆங்கிலத்தில் எழுதும் நண்பர் கூரியர் எழுத்துருதான் நல்லது என்கிறார். தமிழுக்கு எது சரி? பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கதைகளும் நிறைய இருக்கின்றன.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, கூரியரை முதலில் விடுங்கள். அதில் தமிழ் எழுத்தே கிடையாது. நீங்கள் அதைத் தேர்ந்தெடுத்தாலும் கணினி சத்தமில்லாமல் வேறொரு தமிழ் எழுத்துருவைத்தான் காட்டும். கூரியரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், அது ஆங்கிலத்துக்குச் சரி. நம் 'ட'வையும் 'ணை'யையும் ஒரே அகலத்தில் அடைத்தால் ஒன்று காற்று வாங்கும், இன்னொன்று நசுங்கும்.

முதல் வரைவுக்குக் கொஞ்சம் சப்பென்று இருக்கிற எழுத்துருவே போதும் என்பது என் கட்சி. ரொம்ப அழகான எழுத்துருவில் அரைகுறை வாக்கியம்கூட அச்சேறிவிட்ட மாதிரி மினுக்கும், அதை அடிக்க மனசு வராது.

எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் 'வேலைக்காரர்', 'எண்ணெய்' என்று 12 பாயிண்டில் தட்டிப் பாருங்கள். முதல் சொல்லில் துணைக்காலும் ரகரமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, கடைசி 'ர்' மேல் புள்ளி வேறு; மூன்றும் தனித்தனியாகக் கண்ணில் பட வேண்டும். இரண்டாவதில் சுழிகள் அப்பிக்கொள்ளக் கூடாது. புள்ளியைத் தேட வேண்டியிருந்தால் அந்த எழுத்துரு வேண்டாம், ஏனென்றால் பிழை திருத்தும்போது விட்டுப்போவது பெரும்பாலும் அந்தப் புள்ளிதான்.

விண்டோஸ் என்றால் விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா போதும். லதா அதைவிடப் பழசு, எனக்கு அவ்வளவு இஷ்டமில்லை. மேக் வைத்திருந்தால் நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி அதிலேயே இருக்கும் (முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தந்தவரும் அவர்தான்). இலவசமாக இறக்கிக்கொள்ள நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இருக்கின்றன. எதுவானாலும் வரி இடைவெளியை ஒன்றரையாக வையுங்கள், இல்லையென்றால் மேல் வரியில் இருக்கும் 'பு', 'சு'வின் கால் கீழ் வரியின் புள்ளியில் போய் இடிக்கும்.

கதை முடிகிற வரைக்கும் எழுத்துருப் பட்டியல் பக்கமே போகாதீர்கள். முடிந்ததும் மாற்றுங்கள், அப்போது தாராளமாக! நிர்மலாவில் எழுதியதை நோட்டோ செரிஃப் தமிழுக்கு மாற்றி, அளவையும் கூட்டிப் படித்தால் வரிகள் வேறு இடத்தில் உடையும், நாலு தடவை பார்த்தும் கண்ணில் படாத பிழை தானாக வந்து முன்னால் நிற்கும்.

அப்புறம் பாமினி. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் எழுதியதற்கு எழுத்துரு வெறும் சட்டை, மாற்றினால் ஒன்றும் ஆகாது. பாமினிக் கோப்பின் உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள், எழுத்துருவை மாற்றினால் அவைதான் வெளியே வரும். அதனால் மூலக் கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்திவிட்டு, ஒரு பிரதியை மட்டும் எழுத்துரு மாற்றி மென்பொருளில் கொடுத்து யூனிகோடாக்குங்கள். ஆனதும் கொ, கோ, கௌ வரும் இடங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள், கொம்பும் காலும் பிரிந்து கிடந்தால் அங்கேதான் கிடக்கும்.