சென்னை வெயிலை அப்பாவின் இதயம் தாங்குமா?

அப்பாவைச் சென்னைக்குத் தாராளமாக அனுப்புங்கள். பேரக்குழந்தையைப் பார்த்துவிட்டு நல்லபடியாகத் திரும்பட்டும். கடிதத்தில் ஆறேழு கேள்வி இருந்தாலும் உங்கள் பயம் ஒன்றுதான்: அப்பாவுக்கு 68 வயது, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர், இதயம் ரத்தத்தை இறைக்கும் பம்பிங் கம்மி, கோத்தகிரிக் குளிரிலேயே இருந்து பழகியவர், மே மாதம் சென்னையில் ஏதாவது ஆகிவிட்டால்?

மலை இறங்குவதால் இதயத்துக்குக் கெடுதல் இல்லை, கீழே ஆக்சிஜன் கூடுதலாகத்தான் கிடைக்கும். ஐஸ் தண்ணீர் குடித்தால் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும் என்கிற வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுங்கள். சாயங்காலம் கணுக்கால் லேசாக வீங்கி, காலையில் வடிந்துவிட்டால் பயப்பட வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

நான் யோசிப்பது மாத்திரைகளைப் பற்றி. வெயிலில் உடம்பு சூட்டை வெளியேற்றுவதற்காகத் தோலுக்கு அதிக ரத்தம் போகிறது, குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்குகிறது, இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் வேர்வை காயாது, ஊற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் உடம்பு குளிராது. அதோடு மலைக் குளிருக்கு ஏற்ப எழுதிக்கொடுத்த அதே அளவில் நீர் மாத்திரையும் (அதிகப்படி நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால், உடம்பில் நீர் வற்றிப் பிரஷர் ரொம்பவே இறங்கிவிடலாம். இப்படித்தான் ஒரு கோடையில் மகன் வீட்டுக்குப் போன எஸ்டேட் கண்டக்டர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஒருவர் காலையில் கட்டிலை விட்டு எழுந்தவர் அப்படியே சாய்ந்து, நெற்றியில் நாலு தையலோடு என்னிடம் வந்தார். "நாலு நாளாவே எழுந்தா கண்ணு இருட்டுச்சு டாக்டர், வெயில்தானேன்னு விட்டுட்டேன்" என்றார்.

அந்தக் கண் இருட்டலைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தினமும் காலையில் உட்கார்ந்தபடி ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினாலோ, எழும்போது தலை சுற்றினாலோ, சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போனாலோ அன்றைக்கே டாக்டருக்கு போன் செய்யுங்கள். அளவை அவர் மாற்றுவார். யாரோ மாமா சொன்னார் என்று நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்துவது எனக்குக் கோபம் வருகிற விஷயம், நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் மாமாவா வந்து பார்ப்பார்? இயற்கைதானே என்று நாளுக்கு மூன்று இளநீரும் வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம், சில பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் டாக்டரிடமே கேளுங்கள்.

உடம்பு கொதித்து, பேச்சு குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் போனால் அது வெப்பத் தாக்கு. உடனே 108. வண்டி வரும்வரை ஈரத்துணி போட்டு விசிறுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நெஞ்சு இறுக்கத்தோடு குளிர்ந்த வேர்வை வந்தாலும் 108தான், வெயில் என்று படுக்க வைக்காதீர்கள்.

உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை பதினொன்றிலிருந்து நாலு மணிவரை வெளியே விடாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாத்திரைச் சீட்டோடு டாக்டரைப் பார்த்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினுக்கும் பொட்டாசியத்துக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். அப்புறம் ரயிலுக்கு டிக்கெட் போடலாம்.