பதினைந்து வயதில் பேட்டைப் பிடுங்காதீர்கள்

கேள்வி: நான்கு வருடமாக ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறேன். மகனுக்கு 15 வயது. பள்ளி அணியில் வலதுகை வேகப்பந்து வீசுகிறான், ஆறாவதாக இறங்கி பேட்டும் பிடிக்கிறான். இங்கே ஒரு தனியார் அகாடமியில், 'பேட்டிங்கை விட்டுவிட்டு முழுக்க பௌலிங்கில் இறங்கட்டும், வாரம் ஐந்து நாள் வரட்டும், இரண்டே வருடத்தில் தென்னாப்பிரிக்காவின் இளம் வேகப்பந்து வீச்சாளர் மபாகா மாதிரி ஆக்கிக் காட்டுகிறோம்' என்கிறார்கள். அவனுக்கும் ஆசைதான். சில வாரமாக இடது பக்கம் இடுப்புக்கு மேலே வலிக்கிறது என்கிறான். வளர்கிற வயது, சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டார்கள். அவனை அகாடமியில் சேர்க்கலாமா? 12 வயது மகளும் ஆட ஆசைப்படுகிறாள்.
— பெயர் வேண்டாம், ஜோகன்னஸ்பர்க்

பதில்: அகாடமி கேள்வி இருக்கட்டும். முதலில் அந்த வலியைப் பார்ப்போம். இந்த வாரமே பையனை விளையாட்டு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அதுவரை ஒரு பந்துகூட வீச வேண்டாம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வலதுகை வேகப்பந்து வீச்சாளருக்கு இடது பக்கக் கீழ் முதுகில் வலி வந்தால், மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது எலும்பில் விழும் அழுத்த விரிசலைத்தான். பந்தை விடும் நொடியில் உடம்பு வளைந்து திரும்பும்போது பாரம் எதிர்ப்பக்க எலும்பில் இறங்குகிறது. முதுகின் கீழ் எலும்புகள் முழு வலு பெறவே இருபது வயதைத் தாண்ட வேண்டும். உங்கள் மகனுக்குப் பதினைந்துதான். விரிசல் ஆரம்ப நிலையில் இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படலாம். மருத்துவரிடம் 'பையன் வேகப்பந்து வீசுகிறான்' என்பதையே முதல் வரியாகச் சொல்லுங்கள்.

கல்லூரி நாட்களில் நானும் வேகமாக வீசியவன். வலியை மறைத்தேன், அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன் நிமிர முடியாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மாதான் வந்து லேஸை அவிழ்த்துவிட்டார். அதற்குப் பிறகு நான் வேகமாக வீசவே இல்லை. உங்கள் மகன் வலியை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான். அது நல்ல பழக்கம், அதற்காக அவனைத் தட்டிக்கொடுங்கள்.

சரி, மபாகாவுக்கு வருவோம். க்வெனா மபாகாவைப் பார்த்து ஆசைப்படாத பையன் உங்கள் ஊரில் இருக்க மாட்டான். உங்கள் ஜோகன்னஸ்பர்க்கின் செயின்ட் ஸ்டிதியன்ஸ் பள்ளியில் படித்தவர், வேகப்பந்து வீச்சாளர் ரபாடா படித்த அதே பள்ளி. 15 வயதிலேயே 2022 ஜூனியர் (19 வயதுக்குட்பட்டோர்) உலகக் கோப்பை அணியில் இருந்தார். 2024-ல் அந்தப் போட்டி தென்னாப்பிரிக்காவிலேயே நடந்தபோது 21 விக்கெட், தொடர் நாயகன் விருது. பெனோனியில் இந்தியாவுக்கு எதிரான அரையிறுதியில் இன்னிங்ஸின் முதல் பந்தே பவுன்சர். ஆதர்ஷ் சிங் கீப்பரிடம் பிடி கொடுத்து வெளியேறினார். இதெல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

அடுத்த மாதம் நடந்ததையும் உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். மார்ச் 27, ஹைதராபாத். மும்பை இந்தியன்ஸுக்காக மபாகாவின் முதல் ஐபிஎல் ஆட்டம். பதினெட்டு வயதுகூட நிரம்பவில்லை. நான்கு ஓவரில் 66 ரன், விக்கெட் இல்லை. சன்ரைசர்ஸ் அன்றைக்கு 277 அடித்தது. அப்படி ஓர் அடி வாங்கிய பையன் 2025 ஜனவரியில் கேப்டவுனில் பாகிஸ்தானுக்கு எதிராக டெஸ்ட் ஆடினார், தென்னாப்பிரிக்காவின் மிக இளைய டெஸ்ட் வீரராக. பாபர் ஆசமை வீழ்த்தவும் செய்தார். அவ்வளவு அடி பட்ட பிறகும் மறுநாள் பந்தைக் கையில் எடுக்கிற மனசை எந்த அகாடமியாலும் இரண்டு வருடத்தில் ஊட்டிவிட முடியாது. வீட்டில் தோல்வியைப் பற்றி எப்படிப் பேசுகிறீர்கள் என்பதில்தான் அது வளரும்.

இனி முக்கியமான விஷயம். பேட்டிங்கை விடச் சொல்கிறார்களே, அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

2024 டிசம்பர், செஞ்சூரியன் டெஸ்ட். பாகிஸ்தானுக்கு எதிராக 148 ரன் எடுத்தால் தென்னாப்பிரிக்கா உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிக்குப் போய்விடும். 99 ரன்னுக்கு எட்டு விக்கெட் போய்விட்டது. களத்தில் நின்றது ரபாடாவும் மார்கோ யான்சனும், இரண்டு பேருமே வேகப்பந்து வீச்சாளர்கள். இன்னொரு விக்கெட் விழாமல் ஜெயித்துக் கொடுத்தார்கள். ரபாடா 31, யான்சன் 16. சின்ன எண்களாகத் தெரியலாம். ஆனால் 2025 ஜூனில் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை வென்று கேப்டன் பவுமா கோப்பையைத் தூக்கினாரே, அதற்கு வழி திறந்தது அந்த ஜோடிதான். இந்த இரண்டு பேரிடமும் பதினைந்து வயதில் யாராவது 'நீ பௌலர், உனக்கு எதற்கு பேட்டிங்' என்று சொல்லி அவர்களும் கேட்டிருந்தால்?

அதே டெஸ்டில்தான் கார்பின் போஷ் அறிமுகமானார். டெஸ்டில் வீசிய முதல் பந்திலேயே ஷான் மசூதின் விக்கெட். அந்த இன்னிங்ஸில் மொத்தம் நான்கு, அப்புறம் ஒன்பதாவதாக இறங்கி ஆட்டமிழக்காமல் 81. அப்போது அவருக்கு வயது முப்பது. இவர் யார் தெரியுமா? 2014 ஜூனியர் உலகக் கோப்பை இறுதியில் 15 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனவர். அந்த அணியில் ரபாடாவும் இருந்தார், மார்க்ரம் கேப்டன். ரபாடா அடுத்த வருடமே டெஸ்ட் ஆடிவிட்டார். போஷ் பத்து வருடம் காத்திருந்தார். ஒரே கோப்பையைத் தூக்கிய பையன்கள், ஒருவருக்குச் சீக்கிரம் வந்தது, இன்னொருவருக்குத் தாமதமாக வந்தது. 'இரண்டே வருடம்' என்று தேதி குறித்துக் கொடுக்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போவது இதனால்தான்.

வியான் முல்டரைப் பாருங்கள். 19 வயதில் மிதவேக ஆல்ரவுண்டராகத் தேசிய அணிக்குள் வந்தவர். 2025 ஜூலையில் புலவாயோவில் ஜிம்பாப்வேக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 367. தென்னாப்பிரிக்கர் ஒருவரின் மிகப் பெரிய டெஸ்ட் ஸ்கோர் இன்று அவருடையது. செனுரன் முத்துசாமி, டர்பன்காரர், நம் தமிழ் வேர் கொண்ட குடும்பம், சுழற்பந்து ஆல்ரவுண்டர். 2019-ல் முதல் டெஸ்டிலேயே கோலியின் விக்கெட்டை எடுத்தவர், பிறகு வருடக்கணக்கில் வாய்ப்புக்காகக் காத்திருந்தார். 2025 நவம்பரில் குவாஹாத்தியில் இந்தியாவுக்கு எதிராக 109. இந்த இரண்டு பேருமே கையில் இரண்டாவது வேலையை விடாமல் வைத்திருந்தவர்கள்.

யான்சனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகன் வயதுப் பையன்கள் பார்த்துப் படிக்க வேண்டியவர் அவர்தான் என்பது என் எண்ணம். 2023 உலகக் கோப்பையில் ஈடன் கார்டனில் இந்தியாவுக்கு எதிராகப் பந்து எங்கே போகிறதென்றே தெரியாமல் திணறினார், 94 ரன் போனது. ஒரு வருடம் கழித்து டர்பனில் இலங்கையை 42 ரன்னுக்குச் சுருட்டினார்கள், அதில் இவர் 13 ரன்னுக்கு 7. அதற்கு அடுத்த வருடம் மறுபடி இந்திய மண், குவாஹாத்தி. பேட்டில் 93, பிறகு ஆறு விக்கெட், பெரும்பாலும் பவுன்சரில். ஆறடி எட்டங்குலம் இருப்பதால் வந்ததுதானே என்பார்கள். அதே உயரம் ஈடன் கார்டனிலும் இருந்தது. நடுவில் வந்தது லெங்த் மீதான பிடிப்பு, அதாவது பந்தை எந்தத் தூரத்தில் குத்த வைப்பது என்பதில் கட்டுப்பாடு, அதற்கு இரண்டு வருடம் ஆனது.

இதில் உங்கள் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு விஷயம் உண்டு. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பந்து தானாகவே வேகமாகப் போகும், எகிறும். கொஞ்சம் குட்டையாகப் போட்டாலே பள்ளிப் பையன்கள் பின்வாங்குவார்கள், விக்கெட் விழும். அதை நம்பி வளர்ந்த பையன் டர்பனிலோ கெபெர்ஹாவிலோ கடலோர ஆடுகளத்தில் போய் நின்றால் அதே பந்தை இடுப்பளவில் வாங்கி அடிப்பார்கள். வலி சரியாகி அவன் மறுபடி வீச ஆரம்பிக்கும்போது ஸ்பீடை அளக்க வேண்டாம். ஃபுல் லெங்தில், அதாவது பேட்ஸ்மேனுக்குக் கொஞ்சம் பக்கத்தில், ஒரு கைக்குட்டையைப் போட்டு அதில் எத்தனை பந்து விழுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

வாரம் ஐந்து நாள் என்பதும் வேண்டாம். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நெடுங்காலமாகச் சொல்லி வந்த கணக்கு, 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஒரு ஸ்பெல்லில் (ஒரே மூச்சில் வீசுவது) 6 ஓவர், ஒரு நாளில் 12. நெட்ஸில் வீசுவதும் உடம்பின் கணக்கில் ஏறத்தான் செய்யும். வேகப்பந்து வீச்சாளர் ஜெரால்ட் கோட்சி 2023 உலகக் கோப்பையில் 20 விக்கெட் எடுத்தார், ஓர் உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கர் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. பிறகு காயத்தின் மேல் காயம், 2025 சாம்பியன்ஸ் டிராபியே ஆட முடியவில்லை. இன்னொரு வேகப்பந்து வீச்சாளர் நோர்க்கியாவுக்கு முதுகில் காயம். இவர்களைச் சுற்றி உலகத்தரமான மருத்துவர்கள் இருந்தும் இதுதான் நிலைமை. குளிர்காலத்தில் பள்ளியில் ஹாக்கியோ ரக்பியோ இருந்தால் மருத்துவர் சரி சொன்ன பிறகு அதை ஆடட்டும், தோளும் முதுகும் பந்துவீச்சிலிருந்து ஓய்வெடுக்கட்டும். டிசம்பரில் நடக்கும் கயா மஜோலா வாரம் என்கிற 19 வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு மாகாண அணியில் இடம் கிடைக்க அவனுக்கு இன்னும் மூன்று நான்கு வருடம் கையில் இருக்கிறது.

மகளை யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். 2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் இந்தியாவுக்கு எதிராக 81-க்கு ஐந்து என்று கிடந்த அணியை நாடின் டி கிளர்க் ஆட்டமிழக்காமல் 84 அடித்துக் கரைசேர்த்தார். அவரும் வேகப்பந்து ஆல்ரவுண்டர்தான். அண்ணன் ஓய்வில் இருக்கும் நாட்களில் தங்கைக்குப் பந்து தூக்கிப் போடட்டும், ஓடாமல், நின்ற இடத்திலிருந்து, மருத்துவர் அனுமதித்தால் மட்டும்.

அகாடமிக்காரர்களிடம், ஸ்கேன் ரிப்போர்ட் வந்த பிறகு பேசுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஒரு நோட்டு வாங்கி, அவன் மறுபடி வீசத் தொடங்கும் நாளிலிருந்து ஓவர் கணக்கை அவன் கையாலேயே எழுத வையுங்கள், நெட்ஸில் வீசியதையும் சேர்த்து. ரிப்போர்ட்டில் என்ன வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.