குடும்பத்தோடு பேச 15 நிமிடம்

கேள்வி: வார்டில் வேலை நெருக்கும்போது நோயாளியின் குடும்பத்தாரிடம் பேச செவிலியருக்கு நேரம் ஏது?

பதில்: 15 நிமிடம் போதும். கனடாவில் லொரைன் ரைட், மொரீன் லேஹி என்ற செவிலியர் இருவரும் வகுத்த முறை இது. முதலில் உங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்லுங்கள். அடுத்து மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு உள்ளே பெருக்கல் குறி. 'உங்களில் இப்போது அதிகம் தவிப்பது யார்?' என்று கேளுங்கள். அது நோயாளியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கண்ணால் கண்ட ஒரு நல்லதைச் சொல்லியே விடைபெறுங்கள்: 'இரவில் முறைவைத்து மாறி மாறி உட்கார்ந்தீர்களே, அவர் நிம்மதியாகத் தூங்கினார்.' பொத்தாம்பொதுவான பாராட்டு மனதில் ஒட்டாது. வரைபடத்தைக் கோப்பில் செருகிவிட்டு அடுத்த ஷிஃப்டிடம் சொல்லாமல் போவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அப்புறம் அந்தக் குடும்பம் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டிவரும்.